பந்தலுக்குக் கீழே

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் காலையில் ஒரு பங்குத்தந்தையைப் பார்க்க நேர்ந்தால், அவரிடம் முக்கியமான எதையும் கேட்காதீர்கள் என்பது என் பணிவான வேண்டுகோள். குருத்து ஞாயிறு தொடங்கி எட்டு நாட்கள் நின்றும் நடந்தும் பாடியும் பாவசங்கீர்த்தனம் கேட்டும் முடித்த பிறகு, அம்மனிதரிடம் எஞ்சியிருப்பவை கட்டிப்போன குரலும் வீங்கிய கால்களுமே. அந்த வாரத்தில் குருக்கள் பலர் சொந்த ஊருக்குச் சென்று நான்கைந்து நாட்கள் தங்கி வருவார்கள். நான் மட்டும் பன்னிரண்டு ஆண்டுகளாக அவ்வழக்கத்திற்கு விலக்காக இருந்தேன். ஓர் ஆண்டு தியானம். ஓர் ஆண்டு உடன்குருக்களோடு வேளாங்கண்ணி. ஓர் ஆண்டு முடிக்காத பங்குக் கணக்கு. தேடுகிறவனுக்குக் காரணங்கள் கிடைக்காமற் போவதில்லை.

2024-ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று மதினி தொலைபேசியில் அழைத்தார்கள். "இந்த வருசமாச்சும் வாங்க சாமி. உங்க அண்ணன் வாயத் திறந்து கூப்பிட மாட்டாக. ஆனா தோட்டத்தப் பத்தி உங்ககிட்ட ஏதோ கேக்கணுங்கிறாக" என்றார்கள். நிலம் பற்றிய பேச்சு என்றதும் எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. துறவற சபையினரைப் போல மறைமாவட்டக் குருக்களுக்கு ஏழ்மை வார்த்தைப்பாடு கிடையாது. தந்தையின் சொத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை நான் கேட்டதுமில்லை, வேண்டாமென்று எழுதிக் கொடுத்ததுமில்லை. ஆயினும் மறுப்பதற்கு அந்த ஆண்டு காரணம் ஒன்றும் அகப்படவில்லை. ஏப்ரல் முதல் தேதி, உயிர்ப்புத் திங்களன்று, பேருந்து ஏறினேன்.

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கின் கீழ்ப்புறம், மேகமலை அடிவாரத்தில் இருக்கிறது. தேனியை விட்டுச் சின்னமனூர் தாண்டியதும் இருபுறமும் மலைகள் நெருங்கி வரும். நடுவே முல்லைப் பெரியாறு. 1895-இல் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுயிக்கின் படம் இன்றும் இப்பகுதியின் பல வீடுகளில் குடும்பப் பெரியவரின் படம்போல மாட்டப்பட்டிருக்கும். ஆற்றுப் பாசனத்திற்கு எட்டாத மேட்டு நிலங்களில் கிணற்று நீரை நம்பி நிற்பவை திராட்சைத் தோட்டங்கள். எங்கள் பக்கத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தத் திராட்சையை 1832-இல் தமிழகத்திற்குக் கொண்டு வந்தவர் பிரெஞ்சு நாட்டுக் குரு ஒருவர் என்று கூறப்படுகிறது. மண்ணோடு அவ்வளவு பழக்கமுள்ள குருக்களும் இருந்திருக்கிறார்கள். நான் அந்த வரிசையைச் சேர்ந்தவன் அல்லன். திராட்சைக் கொடியைப் பற்றி முப்பது மறையுரைகளாவது ஆற்றியிருப்பேன். ஒரு கொடியைக்கூடக் கவாத்துச் செய்ததில்லை.

உயிர்ப்பு விழா இளவேனில் விழா. மார்ச் 21-க்கு அடுத்து வரும் முழுநிலவை ஒட்டிய ஞாயிறு அதன் நாள். பனி உருகிப் புல் தளிர்க்கும் நாடுகளில் விழாவும் பருவமும் கைகோத்து வருகின்றன. நமது கணக்கிலோ பங்குனி பின்பனிக் காலத்தைச் சேர்ந்தது. சித்திரை பிறந்த பிறகே இளவேனில். வேப்ப மரத்திற்கு இந்த இலக்கணமெல்லாம் தெரியாது போலும். நான் சென்று இறங்கியபோது ஊர் எல்லையிலேயே வேப்பம்பூ மணம் எதிர்கொண்டது. கோயில் முற்றத்து அரசமரம் செம்புநிறத் தளிர்களால் மினுங்கிக்கொண்டிருந்தது. மதினி வளர்க்கும் மல்லிகைச் செடிகள் புழக்கடை முழுவதும் மொட்டு விட்டிருந்தன. நம் நாட்டு வசந்தம் குளிரை விரட்டிக்கொண்டு வருவதில்லை; கொடிய வெயிலுக்கு இரண்டு வாரம் முன்னதாக ஓடி வந்து முகம் காட்டிவிட்டுப் போகிறது. காலை ஏழு மணிக்குள் பார்த்தால் உண்டு. எட்டு மணிக்கு இல்லை.

வீட்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள். அண்ணன் நின்றுகொண்டே, "வாங்க சாமி, சௌரியமா வந்தீங்களா?" என்றார். குருப்பட்டம் பெற்ற மகனையும் தம்பியையும் 'சாமி' என்று அழைப்பது நம் குடும்பங்களின் மரபு. ஊரார் முன்னிலையில் அண்ணனும் அப்படித்தான் அழைப்பார். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது 'டேய்' என்பார். பட்டம் பெற்ற நாளிலும் மாலையில் கிணற்றடியில் வைத்து, "டேய், அங்கியக் கழட்டிட்டு வா, குளிப்போம்" என்றவர் அவர். அந்த 'டேய்' 2012-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. தனிமையிலும் 'சாமி'தான், தொலைபேசியிலும் 'சாமி'தான். அது எதனால் என்று எனக்குத் தெரியும் என்றே எண்ணியிருந்தேன்.

அந்த ஆண்டு ஏப்ரல் 6, பெரிய வெள்ளி இரவில் அப்பா இறந்தார். மறுநாள் விடியலில் வந்து சேர்ந்தேன். புனித வாரத்தின் அந்நாட்களில் அடக்கத் திருப்பலிக்கு இடமில்லை. எனவே எங்கள் ஊர்ப் பங்குத்தந்தை செபங்களை மட்டும் சொல்ல, நண்பகலில் அப்பாவை மண்ணில் வைத்தோம். அன்றிரவு பதினொரு மணிக்கு என் பங்கில் பாஸ்கா திருவிழிப்பு. மாற்றுக்குரு கிடைக்கும் இரவா அது? குழி மூடிய கையோடு, வீட்டுக்குக்கூடச் செல்லாமல், கல்லறைத் தோட்ட வாசலிலேயே பேருந்து ஏறினேன். பெற்ற தகப்பனை அடக்கம் செய்த அன்றே தன்னைத் தனியே விட்டுவிட்டுப் போனவன் என்று அண்ணன் மனத்தில் நான் பதிந்துவிட்டேன். ஆகவேதான் இந்தச் 'சாமி'. என் கணக்கு இதுதான். இக்கணக்கின் பாரத்தால்தான் ஊருக்கு வரும் வழியும் எனக்கு நீண்டுகொண்டே போயிற்று.

செவ்வாயன்று காலை அண்ணனின் பேரன் என்னை நடக்க அழைத்துப் போனான். ஏழு வயது. எனக்கு அவன் சூட்டிய பெயர் 'சாமித் தாத்தா'. தேர்தல் நெருங்கியிருந்தபடியால் பெரிய சாலையில் ஒலிபெருக்கி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு அஞ்சி வயல் வழியே இறங்கினோம். இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்து வயல்கள் தாளோடு கிடந்தன. ஒரு வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஆங்காங்கே பள்ளங்களில் தேங்கிய நீரில் கொக்குகள் நின்றன. ஜூன் மாதத்தில் தண்ணீர் திறப்பதுதான் முறை. வாய்க்காலின் வயிற்றிலேயே இறங்கி நடந்தோம். குளித்துக் கும்மாளமிட்ட இடத்தை அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது விசித்திரமாக இருந்தது. எவ்வளவு ஆழம் என்று அஞ்சிய மடை என் மார்பளவுதான் இருந்தது.

மலையடிவாரத்தில் இலவ மரங்கள் வெடித்துக்கொண்டிருந்தன. இலையே இல்லாத கிளைகளில் காய்கள் பிளந்து, பஞ்சு காற்றில் மிதந்து வந்தது. பையன் அதைத் துரத்தித் துரத்திப் பிடித்தான். பிடித்ததையெல்லாம் என் சட்டைப் பையில் திணித்தான். தலையணைக்கு எத்தனை பை பஞ்சு வேண்டும் என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. குயிலையும் செம்போத்தையும் குரலால் பிரித்தறிந்தான். எனக்குக் குயில் மட்டுமே தெரிந்தது. இறையியல் தேர்வில்கூட நான் இத்தனை கேள்விகளுக்கு விடையின்றி நின்றதில்லை.

குருமடத்தில் எங்களுக்கு விவிலியம் கற்பித்த பேராசிரியர் ஒருவர் ஜெர்மனியில் படித்தவர். அந்நாட்டுச் சிற்றூர்களில் உயிர்ப்புத் திங்களன்று குடும்பத்தோடு வயல்வெளிகளில் நெடுநடை செல்வார்கள் என்றும், அதற்கு 'எம்மாவு நடை' என்றே பெயர் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். உயிர்த்த நாளன்று எருசலேமிலிருந்து எம்மாவுக்கு நடந்த இரு சீடர்களின் நினைவாக ஏற்பட்ட வழக்கம். லூக்கா குறிப்பிடும் தொலைவு அறுபது ஸ்டேடியம், ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பேராசிரியர் ஒன்றை அழுத்திச் சொல்வார்: அந்த இருவரும் செபிக்கப் போகவில்லை, மனம் உடைந்து, நடந்ததையெல்லாம் ஒருவருக்கொருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, பிழையான முடிவோடு நடந்தார்கள். அன்று தேர்வுக்காகக் குறித்துக்கொண்டேன்.

புதனன்று வெயிலும் விருந்தினருமாகப் பொழுது போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மதினி வைத்த வேப்பம்பூ இரசத்தைத் தவிர.

வியாழன் விடியலில் அண்ணன், "தோட்டம் வரைக்கும் வர்றீங்களா சாமி?" என்று கேட்டார். இருவரும் நடந்தோம். முழங்கால் வலி காரணமாக அவர் மெல்ல நடந்தார். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் பேச்சு முழுவதும் மருந்து விலை, கூலி, சென்ற ஆண்டு பழுக்கும் நேரத்தில் பெய்த மழையில் வெடித்துப்போன குலைகள் ஆகியவை பற்றியே இருந்தது. "குறியீடெல்லாம் குடுத்துட்டாக. சட்டியில போட்டுத் தாளிக்கவா முடியும்?" என்றார்.

கற்கால்களும் கம்பிகளுமாகப் பந்தல் தலைக்கு மேலே விரிந்து கிடந்தது. ஒரு பாதியில் கவாத்து முடிந்து முளை விட்டிருந்தது. ஒவ்வொரு கணுவிலும் வெளிறிய பச்சையில் இரண்டு இலைகள், அவற்றினிடையே கடுகு கடுகாகப் பூங்கொத்து. கவாத்துச் செய்த நாளிலிருந்து பழம் பறிக்க ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும் என்று அண்ணன் சொன்னார். பந்தலின் கீழே காலை வெயில் பச்சையாக வடிந்திருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்த நீலம் கற்கால்களில் ஓடியிருந்தது. இத்தனை ஆண்டுகள் இந்த அழகைத் துறந்துவிட்டு எந்தத் தியான இல்லத்தில் எதைத் தேடினேன் என்று நினைத்தேன்.

அண்ணன் சரிந்து தொங்கிய ஒரு கிளையை எடுத்து, கம்பியோடு சேர்த்துச் சணலால் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார். யோவான் நற்செய்தியில் கனி தராத கொடியைத் தந்தை 'தறித்துவிடுவார்' என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்குத் 'தூக்குதல்' என்றும் பொருள் உண்டு. அவர் வெட்டி எறியவில்லை, தரையிலிருந்து தூக்கிக் கட்டுகிறார் என்று சிலர் விளக்குகிறார்கள் என்று எடுத்துரைத்தேன். என் மறையுரைகளில் நன்றாக எடுபடும் பகுதி அது. அண்ணன் முடிச்சைப் போட்டு முடித்தார். "ரெண்டுந்தான் சாமி. தூக்கிக் கட்டுறதும் உண்டு, வெட்டி எறியறதும் உண்டு. எதுக்கு எதுன்னு கொடியப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். பிறகு கிணற்றை ஒட்டிய கடைசி வரிசைகளுக்கு என்னை அழைத்துச் சென்றார்.

"இது அப்பா வச்சது. 2000-த்துல. நாப்பது கொடி."

அடிமரங்கள் கைத்தண்டை அளவுக்குப் பருத்து, பட்டை நாராக உரிந்து தொங்கின. காய்ப்பு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாம். எடுத்துவிட்டுப் புதுக்கொடி வைக்க வேண்டும் என்று ஆறேழு ஆண்டுகளாகவே நினைத்திருக்கிறார். "உங்க பங்கும் இதுல இருக்கு. அதான் ஒரு வார்த்த கேக்கணும்னு..." என்று இழுத்தார். எனக்கு நெஞ்சு அடைத்தது. இதற்கா கேட்க வேண்டும், பங்கு என்ற பேச்சே வேண்டாம், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன் என்றெல்லாம் படபடத்தேன். அதே வேகத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுமந்ததையும் இறக்கிவிட்டேன். "அன்னைக்கு அப்பாவக் குழியில வச்ச கையோட உங்களத் தனியா விட்டுட்டுப் போனேன் அண்ணே. அத நீங்க மறக்கலன்னு எனக்குத் தெரியும்."

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "நீங்க போனதுக்கு எனக்கென்ன வருத்தம்? அது உங்க சோலி. ஆயிரம் சனம் காத்துக்கிட்டு இருக்கு. போகாம எப்படி?"

சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு அவரே தொடர்ந்தார். 2012-இல் தமிழகமெங்கும் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். தோட்டத்து மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்பது எவருக்கும் தெரியாது. அப்பாவின் நோயும் சாவுமாக மூன்று நாட்கள் கொடிகளுக்குத் தண்ணீர் இல்லை. பூத்திருந்த நேரம், பூ உதிரத் தொடங்கியிருந்தது. "அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்குத்தான் கரண்டு விட்டான். நீங்க அங்க நெருப்புக் கொளுத்துற நேரம். நான் இங்க மோட்டாரப் போட்டேன். இந்த நாப்பது கொடிக்குந்தான் மொதல்ல பாய்ச்சினேன். ஊர்ல உங்கள மெச்சுனாங்க, தகப்பன் செத்தும் கடமைய விடல பாருன்னு. என்னைய ஏசுனாங்க, மண்ணு காயல, அதுக்குள்ள காசுக்குப் பறக்குறான்னு. ஏசிட்டுப் போகட்டும். திங்கக்கெழம நீங்க போன் போட்டீங்க. நீங்களும் அதத்தான் கேட்டீங்க."

நான் என்ன கேட்டேன் என்பது எனக்கு நினைவில்லை. முதலில் அதுதான் என்னை அறைந்தது. பிறகு மெல்ல மெல்ல வந்தது. உறவினர் ஒருவர் என் காதில் போட்டதை வைத்து, "அன்னைக்கே தோட்டத்துக்குப் போகணுமா அண்ணே? நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நிமிடத்துப் பேச்சு. சொன்ன மறுகணமே மறந்தும்விட்டேன். ஒரே இரவில், ஒரே நேரத்தில் இருவரும் அவரவர் கடமைக்குத்தான் போனோம். என்னுடையது கடமை என்று ஊர் சொன்னது, நானும் ஏற்றுக்கொண்டேன். அவருடையது பேராசை என்று ஊர் சொன்னது. அதையும் நான் ஏற்றுக்கொண்டேன். நான் செய்யாத பிழைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் மனம் வருந்தி, செய்த பிழையை அறியாமலே இருந்திருக்கிறேன். ஒப்புரவுத் தொட்டியில் பிறருக்கு ஆன்ம சோதனை செய்யக் கற்பிக்கிறவன் நான்.

"தப்பு என்னுதுதான் அண்ணே" என்றேன். அதற்கு மேல் சொல் வரவில்லை. அவரும் மறுமொழி சொல்லவில்லை. பக்கத்தில் தாழ்ந்து கிடந்த ஒரு நீளக் கிளையை எடுத்து, "இதக் கொஞ்சம் பிடிங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டுச் சணலைத் தேடினார். நான் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின்வாங்கியபோது, "குனிடா, கம்பி!" என்று கத்தினார். குனிவதற்குள் பின்மண்டையில் இடித்துவிட்டது. என்ன சொன்னோம் என்பதை அவர் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் கண் முடிச்சில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மதினி, பேரன், நான்கு ஆட்கள் என எல்லாரும் தோட்டத்திற்குப் போனோம். முதல் கொடியை யார் வெட்டுவது என்று அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு அரிவாள் பிடிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அவரே வெட்டினார். வெட்டுவாயில் நீர் கசிந்து சொட்டியது. பேரன் அதை விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, இனிக்கவில்லை என்று முறையிட்டான். மதினி கொண்டு வந்த கேழ்வரகுக் கூழையும் வெங்காயத்தையும் பந்தல் நிழலில் உட்கார்ந்து உண்டோம். அப்பா மண்வெட்டியால் பாத்தி கட்டும்போது பாடும் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. பாட்டு இருவருக்கும் நினைவிருந்தது. மெட்டில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. ஒன்பது மணிக்கு வெயில் உறைக்கத் தொடங்கியதும் எழுந்தோம். அதற்குள் பதினான்கு கொடிகள் போயிருந்தன.

சனிக்கிழமை நான் புறப்படும்போது, அப்பாவின் கொடிகளிலிருந்து கணு பார்த்து நறுக்கிய நான்கு குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி அண்ணன் என் பையில் வைத்தார். மூன்று கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே என்று இருமுறை சொன்னார். பங்கு இல்லத்தின் கிணற்றடியில் நட்டேன். இரண்டு பட்டுவிட்டன. இரண்டு பிடித்துக்கொண்டன. இன்று அவற்றுள் ஒன்று ஓட்டுக் கூரையைத் தொட்டுவிட்டது. பீடச் சிறுவர்கள், இது எப்போது காய்க்கும் சாமி என்று ஞாயிறுதோறும் கேட்கிறார்கள். எங்கே வெட்ட வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்றிரவு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும்.